பதினாறல்ல, பதினொரு பனிச்சிறுத்தைகள்

கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி இந்த அவைக்குத் தலைமை தாங்கும் திருமதி சத்தியபாமா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோரே! வேலை முடிந்து, உடுப்பு மாற்றவும் நேரமின்றி இந்தப் புருசெத் மண்டபத்துக்கு ஓடிவந்த தாய்மாரே! எங்கள் அனைவரையும் விட்டு நாளை மலையேறப் போகும் விழா நாயகி, தங்கச்சி தேவிகா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் படக்கடைக்காரன் மகேந்திரராசாவின் பணிவான வணக்கம்.

ஆய்வாளரைப் பாராட்டும் மேடையில் படக்கடைக்காரனுக்கு என்ன வேலை? கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்!

ஆண்டு இரண்டாயிரத்து மூன்று. இதே நகரத்தின் கிரோன்லாண்ட் பகுதியில் ஒரு சிறிய கடையில் பிலிம் கழுவிக்கொண்டிருந்தேன். இந்தக் குளிர் தேசத்துக்கு வருமுன் மட்டக்களப்பில் எனக்கென்று ஒரு ஸ்டூடியோ இருந்தது. அடையாள அட்டைக்கு முகம் காட்டாதவர் அந்நாளில் யார்? ஆயிரம் முகம் பார்த்தவன் நான். இல்லை, ஆயிரம் காது பார்த்தவன் என்றே சொல்ல வேண்டும். காது தெரியாவிட்டால் கந்தோரில் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் தேவிகா கடைக்குள் வந்தார். கையில் ஒரு கம்பளிக் காலுறை. உள்ளே, விலங்கு குறுக்கே வந்தால் தானே படமெடுக்கும் கமராக்களின் ஏழு பிலிம் சுருள். மொங்கோலிய மலையில் ஆடு மேய்க்கும் ஒருவர், குளிரில் கெடாமலிருக்கக் காலுறையில் போட்டு அனுப்பியிருந்தார்.

"அண்ணை, இது பனிச்சிறுத்தையின்ர படம். கவனமாக் கழுவித் தாங்கோ."

கழுவினேன். வந்தது என்ன? பனி. பிறகும் பனி. ஒரு மலையாட்டின் பின்பக்கம். கமராவுக்குள் எட்டிப் பார்க்கும் அந்த மேய்ப்பரின் மூக்கு! சிரிக்கிறீர்கள், நாங்களும் அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாவது சுருளில், முப்பத்தோராவது படத்தில், சாம்பல் நிறப் பாறையே எழுந்து நடப்பதுபோல் அது வந்தது. உடலைப் போல நீண்ட வால். உடலெங்கும் கரும்பூக்கள்.

அந்த நாட்கள், அன்பர்களே, அந்த நாட்கள்! மருந்து மணக்கும் கடை, ஆறிப்போன கோப்பி, வெளிச்சப் பெட்டியின்மேல் குனிந்த இரண்டு தலைகள். சிறுத்தை மணந்து பார்க்கும் பாறை எது, அது நடக்கும் மலைமுகடு எது, குட்டி போடும் குகை எது என்று அவர் சொல்லச் சொல்ல, மலையே பார்த்திராத நான் அந்த மலையில் நடந்தேன். ஒவ்வொரு விலங்கின் புள்ளியும் வேறு, எங்கள் கைரேகை போல. புள்ளியைப் பார்த்துப் பார்த்து இலக்கமிட்டார். ஒன்றரை ஆண்டின் முடிவில் கணக்கு வந்தது: அந்தப் பள்ளத்தாக்கில் பதினாறு! அறிக்கையும் அந்த நாட்டுக்குப் போனது. "பதினாறா? தாராளம்! முகட்டை வெடிவைத்து வீதி போடலாமே" என்று அங்கே பேச்சும் எழுந்தது.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை மதியம் என் கண்ணில் பட்டது அந்தக் காது. நாலாம் இலக்கம் இடப்பக்கம் தெரிய நின்றது. ஒன்பதாம் இலக்கம் வலப்பக்கம் தெரிய நின்றது. ஒரே விலங்குக்கும் இரு பக்கப் புள்ளியும் ஒன்றல்ல. இரண்டும் கமராவைத் திரும்பிப் பார்த்தன. இரண்டுக்கும் இடது காது ஒரே இடத்தில் கிழிந்திருந்தது! பிலிமைப் பக்கம் மாற்றிப் போட்டேனோ என்று ஓர எழுத்தை வாசித்தேன். சரியாகவே இருந்தது.

"தங்கச்சி, நாலும் ஒன்பதும் ஒரே ஆள். காதைப் பாருங்க."

அவர் முகம் சிவந்தது. "அண்ணை, படம் கழுவுறது உங்கட வேலை. எண்ணுறது என்ர வேலை."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான் கோபிக்கவில்லை... சரி, கொஞ்சம் கோபித்தேன். திங்கட்கிழமை கடை திறக்கும்போது வாசலில் நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

"ரெண்டு நாளா எல்லாப் படத்தையும் திருப்பிப் பாத்தன் அண்ணை. வாலிலை, நெத்தியிலை, எல்லாத்திலையும். ஐஞ்சு விலங்கை ரெண்டு தரம் எண்ணியிருக்கிறன். பதினாறில்லை. பதினொண்டு."

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இருங்க தங்கச்சி, ஆருக்குத் தெரியப் போகுது?" என்றேன். ஆம், இந்த வாய்தான் சொன்னது. இன்று இத்தனை பேர் முன்னிலையில் அதற்காக வெட்கப்படுகிறேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பதினாறெண்டு நம்பி ரோட்டைப் போட்டால், இருக்கிற பதினொண்டும் போயிடும் அண்ணை."

அறிக்கை போன இடத்துக்கே அன்றே கடிதம் எழுதினார். என் கணக்குப் பிழை, பிழை என்னுடையது, வேறெவருடையதுமல்ல என்று எழுதினார். விளைவு? ஆய்வு நிலையத்தில் அவர் வேலை நீடிக்கப்படவில்லை. படித்த படிப்பைப் பெட்டியில் பூட்டிவிட்டு, வடகோடித் துறைமுகமான ஹம்மர்பெஸ்டில் இரண்டு குளிர்காலம் மீன் வெட்டினார். ஒருநாள் தொலைபேசியில், "இஞ்சை சுகம் அண்ணை. மீனை எண்ணத் தேவையில்லை, நிறுக்கினம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகு, கடந்த ஆண்டின் தொடக்கத்தில், அந்தப் பள்ளத்தாக்கு மக்களிடமிருந்து ஆய்வு நிலையத்துக்குக் கடிதம் வந்தது. வீதியை ஆற்றின் மறுகரைக்கு மாற்றிவிட்டார்களாம். கடைசி வரி இது: "தன் பிழையைத் தானே சொன்ன அந்தப் பெண்ணையே மீண்டும் எண்ண அனுப்புங்கள்."

போனார். இம்முறை பாதையின் இரு பக்கமும் கமரா வைத்தார். இடமும் வலமும் ஒரே கணத்தில் விழுந்தன. கணக்கு என்ன? வளர்ந்தவை பதினொன்று! கூடவே குட்டிகள் இரண்டு!

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கூட்டிச் சொல்லிப் புகழ் பெற்றவர் உலகில் எத்தனை பேர்? குறைத்துச் சொல்லிக் குன்றிப்போகத் துணிந்தவர் எத்தனை பேர்? பிழை விடாதவரா பெரியவர்? பிழையைத் தன் கையாலேயே வெட்டி, அதனால் தன் வாழ்வும் வெட்டுப்பட, வலி பொறுத்து நின்றவர் அல்லவா பெரியவர்!

தங்கச்சி, ஐந்து ஆண்டுகள் அந்த மலையிலேயே தங்கப் போகிறீர்கள். அங்கே நடமாடும் பதினொன்றுக்கும், அந்த இரண்டு குட்டிக்கும் உங்கள் பெயர் தெரியாது. ஒருநாளும் தெரியப் போவதுமில்லை. எங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.

சுகமாகப் போய் வாருங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும், மணியை அடிக்காமல் விட்ட தலைவிக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.