அப்பாவுக்கு மறதி என்று சொன்னேன்

பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் தங்களிடம் இருப்பது அபூர்வமானது என்றுதான் நம்புகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும், இன்ஸ்பெக்டர் ரமணி. தாத்தாவின் பெட்டியில், சாமிப் படத்துக்குப் பின்னால், எங்காவது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்து ஆண்டபோது அடித்த, வாழைமரம் போட்ட பத்து டாலர் ஜப்பான் நோட்டு. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. சிலர் அதை வைத்து அடுப்பெரித்தார்கள், சிலர் பத்திரமாக எடுத்துவைத்தார்கள். எடுத்துவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அப்பாவைத் தேடி வருவார்கள்.

அந்த நோட்டுகளை மதிப்பிடுவதுதான் என் அப்பா சந்திரசேகரனுக்குத் தொழில். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் கடைவீடு. கீழே கடை, மேலே நாங்கள். வருகிறவர்களிடம் முதலில், பால் கலக்காத தே ஓ குடிக்கிறீர்களா என்று கேட்பார். பிறகு நோட்டை வாங்கி, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்ப்பார். ஜப்பான்காரன் முதலில் அச்சடித்த நோட்டுகளில் முழு எண் இருக்கும். தாளுக்குள் பட்டு நூல் துணுக்குகள் ஓடும். அப்புறம் அவசர அவசரமாக அடித்துத் தள்ளியபோது எண் போடுவதையே விட்டுவிட்டார்கள். எண் இல்லாத நோட்டு ஒரு தட்டு நாசி கண்டார் சோற்றின் விலைக்குக்கூடப் போகாது. எண் உள்ளதற்குச் சிங்கப்பூரிலிருந்து ஆள் வரும்.

"நல்லா வச்சிருக்கீங்கம்மா. ஆனா வெல போகாது. வீட்டுலயே வச்சிக்குங்க, ஒரு ஞாபகத்துக்கு" என்பார். ஏமாற்றத்தோடு திரும்பிப் போகிறவர்கள்கூட அவர்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். நான் கட்டிக்கொள்ள நினைத்தவர் முதல் தடவை வீட்டுக்கு வந்து போனதும் அப்பா, "இது சரிவராதும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. என் மகள் ஸ்ரீநிதி பாலர் பள்ளிக்குப் போகிற வயதில், அவளைக் கையில் பிடித்துக்கொண்டு அதே கடைவீட்டுக்குத் திரும்பி வந்தேன். அப்பா கதவைத் திறந்து "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, வேறொன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. ஆனால் "அப்பவே சொன்னேனே" என்று ஒரு தடவையாவது சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்ரீநிதிக்குப் பெங்களூரில் பல் மருத்துவம் கிடைத்தது. அப்பாவிடம் பணம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நோட்டுகளைப் பிரித்து விற்க வேண்டியிருக்கும். பேத்தியா, நோட்டா என்று ஒரு வயதானவரை நிறுத்திவைத்துக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சங்கடத்தை அவருக்குக் கொடுக்காமல் நானே முடிவெடுத்தேன்.

நகல் நோட்டுகள் சுற்றுப்பயணிகளுக்காக ஆர்மேனியன் தெருவிலேயே கிடைக்கும். அவை மட்டமானவை. இணையத்தில் தேடினால் நல்ல நகல் கிடைக்கிறது, நாம் கேட்கிற எண்ணையே போட்டு அடித்துத் தருகிறார்கள். முழு எண் உள்ள வாழைமர நோட்டு ஒன்றை, அப்பா தன் சேகரிப்பை வைத்திருக்கும் ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டு, அதே உறையில் நகலைச் செருகினேன். அடுத்த பருவக் கட்டணம் வந்தபோது இன்னும் சில. வாங்கியவர் சிங்கப்பூர் வியாபாரி. அப்பாதான் அனுப்பினார் என்று சொன்னதால் அவர் பேரம்கூடப் பேசவில்லை.

ஒரு காலையில் அப்பா ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மோகனா, இது நம்ம நோட்டு இல்லம்மா."

"நம்ம நோட்டுதாம்பா. நம்பரப் பாருங்க."

"நம்பர் சரி. தாள் வேற."

"போன மாசம் நீங்களே எடுத்துப் பாத்து, நல்லா இருக்குன்னு சொல்லி உள்ள வச்சீங்களே. ஞாபகம் இல்லையா?"

போன மாதம் அவர் அதைத் தொடவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரிடம் பொய் சொல்லி அதுவரை அவர் அறிந்ததில்லை. "அப்படியா?" என்றார். உறையைத் திருப்பி, இருந்த இடத்திலேயே வைத்தார். அந்த "அப்படியா" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆல்பம் அவர் கையில்தான் இருக்கிறது. தினமும் திறக்கிறார், தினமும் தேய்த்துப் பார்க்கிறார். ஒன்று, நோட்டுகள் மாறிவிட்டன. இல்லையென்றால் அவர் மாறிவிட்டார். இரண்டாவதைத்தான் அவர் தாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். மகள் திருடி என்பதைவிட மறதி நோய் அவருக்குக் கௌரவமாக இருக்கும் அல்லவா? அதனால் அவருக்கு உதவி செய்ய ஆரம்பித்தேன். சாப்பிடாத சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னேன். அவர் கேட்காத கேள்வியை இப்போதுதானே கேட்டீர்கள் என்றேன். அதிகமில்லை, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. முகம் சுளிக்காமல், அன்பாகத்தான் சொன்னேன்.

டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். கடிகாரம் வரையச் சொன்னார்கள், அழகாக வரைந்தார். ஸ்கேனில் வயதுக்கு மீறி எதுவும் தெரியவில்லை. ஆரம்ப நிலையில் தெரியாமலும் போகலாம், கூட இருப்பவர்கள் சொல்வதுதான் முக்கியம் என்றார் டாக்டர். கூட இருந்தது நான்தான். அவர் ராத்திரியில் தெருவில் இறங்கி நடக்கிறார், என்னை அடிக்கக் கை ஓங்குகிறார் என்று சொன்னேன். அப்பா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "நான் அப்படியாம்மா செஞ்சேன்?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டருக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. தூக்கத்துக்கும் படபடப்புக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரத்தில் அப்பா தன்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். கடைக்கதவைச் சாத்திவிட்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு நல்ல நோட்டு, ஒரு நகல். ரெண்டையும் கையில குடு. எது நல்லதுன்னு நான் சொல்றேன். சரியா தப்பான்னு மட்டும் நீ சொல்லு."

கொடுத்தேன். தேய்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. "இது" என்று வலது கையை நீட்டினார். சரியாகச் சொல்லியிருந்தார்.

"தப்புப்பா" என்றேன்.

நெற்றி சுருங்கியது. மறுபடியும் மாற்றிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். இந்தத் தடவை நிதானமாக, விளிம்பு, மூலை, நடு எல்லாவற்றையும் தடவினார். இடது கையை நீட்டினார். அதுவும் சரி.

"தப்புப்பா."

பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். அது முடிகிறவரை கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இன்னொரு தடவ" என்றார். மூன்றாவது தடவை அவர் தேய்க்கவே இல்லை. இரண்டு நோட்டையும் சும்மா பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, நகலை என்னிடம் நீட்டினார்.

"இதானேம்மா நல்ல நோட்டு?"

"ஆமாப்பா. சரி."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "பரவால்ல, ஒன்னாவது சரியாச் சொன்னேனே" என்றார்.

அப்போது என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பாவமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அவர் ஒரு விஷயத்தைத் தவறாகச் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் ஷேக் அலாவுதீன் மாமா வந்தார். அதே சாலையில் காலம் காலமாகப் பணம் மாற்றும் கடை வைத்திருந்தவர், அப்பாவின் பழைய சிநேகிதர். அவரும் நோட்டு சேர்ப்பவர். ஓர் ஆயிரம் டாலர் ஜப்பான் நோட்டை வாங்கலாமா என்று கேட்க எடுத்துவந்திருந்தார். அப்பா கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

"என்கிட்டக் கேக்காதீங்க பாய். எனக்குப் பார்வ போச்சு. விரலும் போச்சு."

"என்னா சேகரு, வெளையாடுறியா? உன்கிட்டக் கேக்காம நான் யாருகிட்டக் கேக்குறது?"

"டாக்டரே சொல்லிட்டாரு. மோகனாவக் கேளுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தே ஓ குடிக்காமலேயே போய்விட்டார். அந்த மாதமே கடையை மூடினோம்.

கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் முதியோர் இல்லம் பார்த்தேன். சுத்தமான இடம், காற்றோட்டம் உண்டு. அப்பா மறுப்பு சொல்லவில்லை. ஃபெரியில் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்தபடி, "ஸ்ரீநிதிக்குப் படிப்பு முடிய இன்னும் எவ்வளவு நாளும்மா?" என்று கேட்டார். அடுத்த வருடம் முடிந்துவிடும் என்றேன். "அப்ப சரி" என்றார்.

வாராவாரம் போய்ப் பார்த்தேன். அவர் படபடப்பாக இருப்பதாகவும், வீட்டில் இரண்டு மாத்திரை கொடுத்துப் பழக்கம் என்றும் அங்கே இருந்த நர்ஸ் சலேஹாவிடம் சொன்னேன். சீட்டில் ஒன்றுதான் எழுதியிருந்தது. ஒன்றோடு விட்டால் அவர் அங்கே இருப்பவர்களிடம் நோட்டைப் பற்றி விளக்கமாகப் பேச ஆரம்பித்துவிடுவார், அதனால்தான். இரண்டு கொடுத்தால் அமைதியாக இருந்தார். கடைசியாகப் பார்த்தபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ என் மகதானே?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"நீ சொன்னாச் சரி."

நோய் முற்றிவிட்டது என்று அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்கு நோயே இல்லை என்பது ஒரு கணம் எனக்கே மறந்துபோயிருந்தது. மாத்திரை மயக்கத்தில் குளியலறைக்குப் போன இடத்தில் விழுந்து, தலையில் அடிபட்டு, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து போய்விட்டார். ஸ்ரீநிதி வந்து அழுதாள். காரியத்தை முறைப்படி, குறையில்லாமல் செய்தேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூர் வியாபாரி இணையத்தில் போட்ட படத்தில் ஒரு நோட்டை அலாவுதீன் மாமா பார்த்திருக்கிறார். அதை அப்பாவுக்கு விற்றதே மாமாதான். அதன் எண் அவர் கடையின் பழைய டெலிபோன் எண்ணாக இருந்ததால் அவருக்கு மறக்கவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள். நோட்டுகளை எடுத்தது நான். நகல் வைத்தது நான். அப்பாவுக்கு மறதி இல்லை என்று தெரிந்தே டாக்டரிடம் பொய் சொன்னது நான். மாத்திரையைக் கூட்டச் சொன்னதும் நான். இதில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசிவரை அவர் நிம்மதியாக இருந்தார். மகளைப் பற்றி ஒரு கெட்ட எண்ணம்கூட இல்லாமல்தான் போனார். அதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்.

நீங்கள் சற்று முன் வாசித்துக் காட்டினீர்களே, அலாவுதீன் மாமாவின் வாக்குமூலம், அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்பா இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் மாமா இல்லத்துக்குப் போனாராம். அந்த ஆயிரம் டாலர் நோட்டை மறுபடியும் காட்டினாராம். அப்பா விரலால் ஒரே ஒரு தடவை தேய்த்துவிட்டு, நல்ல நோட்டு, தாராளமாக வாங்குங்கள் என்றாராம். மாமா திகைத்துப்போய் நிற்க, அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மோகனாகிட்டச் சொல்லிடாதீங்க பாய். முதல்ல நானும் மறதின்னுதான் நம்புனேன். கண்ண மூடிக்கிட்டு அவ குரலக் கேட்டப்பத்தான் புரிஞ்சிச்சு. பிள்ளைக்குக் காசு கேக்க வாய் வரல போல, பாவம். படிப்பு முடியட்டும்" என்றாராம்.

அலாவுதீன் மாமா பொய் சொல்கிறவர் இல்லை. அப்பாமேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் அவருக்கும் வயது எண்பதை நெருங்குகிறது. போன மாதம் என் பெயரையே மாற்றிக் கூப்பிட்டார், அவருக்கு அது ஞாபகம்கூட இருக்காது. அவர் சொன்னதை எழுதிக்கொள்வதற்கு முன்னால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வேண்டுமானால் நானே கூட வந்து சொல்கிறேன்.