தொப்புள்கொடியில் என் விரல்

வெடிக்கிறது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது. இரண்டாவது குண்டு இன்னும் பக்கத்தில். நான் பிரசவ மேஜையில் கிடக்கிறேன். கால்கள் இரண்டும் கம்பியில். ஓடவா முடியும்?

தெருவில் ஒருவன் கத்துகிறான். "ஏலே, ஷட்டரை இறக்குங்கலே! பஸ்ஸக் கொளுத்துதானுவ!"

தச்சநல்லூர். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். மதிய வெயில். சாதிச் சண்டை ஊர் ஊராகப் பரவி நகரத்துக்குள் வந்துவிட்டது. எனக்கு இரத்தக் கொதிப்பு. அதனால் உவரியிலிருந்து இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார் என் வீட்டுக்காரர். மாற்றுத் துணி எடுக்க ஊருக்குப் போனார். அன்றோடு பஸ் நின்றது. டாக்டரம்மா பாளையங்கோட்டையில் மாட்டிக்கொண்டார். ஆற்றுப் பாலத்தைப் போலீஸ் மறித்துவிட்டது. ஆயா காலையிலேயே ஓடிவிட்டாள். மிச்சம் நானும், சிஸ்டர் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு நர்ஸும்தான்.

பிள்ளை வந்தது. பெண். நீலமாக இருந்தது. அழவில்லை.

குண்டெல்லாம் ஒரு சத்தமா? என் பிள்ளை அழாமல் கிடந்ததே, அதைத்தான் இன்றும் கேட்கிறேன்.

சிஸ்டர் துடைத்தார். முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். ஒன்றுமில்லை. மூச்சு கொடுக்கும் ரப்பர் பை கண்ணாடி பீரோவில் இருந்தது. விலை கூடின சாமான். கண்டவர் தொட்டால் கெட்டுப்போகுமாம். பூட்டிச் சாவியைக் கைப்பையிலேயே வைத்திருப்பார் டாக்டரம்மா. நல்லா வைத்தார் சாவி! சிஸ்டர் ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடியை உடைத்தார். பையை எடுத்தார். அதன் முகமூடி பெரிய ஆட்களுக்கானது. பிள்ளையின் முகம் முழுக்க அதற்குள் போய்விட்டது. அமுக்கினால் காற்று ஓரமாகப் புஸ்ஸென்று போகிறது.

பையை எறிந்தார். பிள்ளையை என் பக்கத்தில் கிடத்தினார். தன் வாயால் அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடினார். ஊதினார். கன்னம் கொள்ளும் காற்று, அவ்வளவுதான். சின்ன நெஞ்சு உயர்ந்தது. என் கண்ணால் பார்த்தேன். அறுத்த தொப்புள்கொடியின் மிச்சத்தில் என் விரலை எடுத்து வைத்தார்.

"இதப் பிடிச்சுக்கம்மா. துடிக்கா? நின்னா சொல்லு."

"துடிக்கு சிஸ்டர்."

தட். தட். உள்ளங்கையில் விட்ட மீன்குஞ்சு மாதிரி. வெளியே மறுபடி வெடித்தது. சிஸ்டர் தலையைத் திருப்பவில்லை. ஊதினார். ஒரு தடவை பிள்ளை தானாக வாயைத் திறந்தது. ஒரு மூச்சு. கேவல் போல. அடுத்ததும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துடிப்பு பையப் பையக் குறைந்தது.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்களில் ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சுவருக்கு வெளியேதான். அவசரத்துக்குச் சாமியார் இல்லாமலே யாரும் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைக்கலாம். ஆனால் உயிர் இருக்க வேண்டும். தலைமாட்டில் டம்ளர் இருந்தது. இடது கையால் எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் ஊற்றினேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே. அமலி. அப்போது என் விரலுக்கடியில் துடித்தது. சத்தியம்.

பிறகு நின்றது.

நான் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார். அவர் ஊதிக்கொண்டே இருந்தார். அந்த நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கடைசியில் அவரே என் விரலை விலக்கித் தொட்டுப் பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்து அழுதார். அவர் வாயைச் சுற்றி என் இரத்தம்.

மறுநாள் வீட்டுக்காரர் மீன் வண்டியில் வந்தார். அதே வண்டியில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அவளை ஊருக்குக் கொண்டுபோனோம்.

செத்துப் பிறந்தது என்றார்கள். உயிரோடு பார்த்தது யார் என்று கோயில் உபதேசியார் கேட்டார். விரலைக் காட்டினேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அழாத பிள்ளைக்கு ஏதுட்டி பேரு?" சிஸ்டரைக் கூட்டிவந்து கேளுங்கள் என்று மன்றாடினேன். ஊரடங்கில் யார் போவார்? வீட்டுக்காரரும் குழி வெட்டப் போய்விட்டார். சுவருக்கு வெளியே மணலில் புதைத்தார்கள். பெயர் இல்லாத பிள்ளைக்கு ஒப்பாரி இல்லை. நான் தனியே அழுதேன்.

பேப்பரில் கணக்கு வந்தது. எரிந்த பஸ்கள். உடைத்த கடைகள். செத்தவர்களின் பெயர், வயது, ஊர். எழுத்துக்கூட்டி எல்லாம் படித்தேன். அவள் இல்லை.

அந்தக் கணக்கில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் அமலி. ஊர் உவரி. வயது, ஒரு மூச்சு.