பாசத்தில் போட்ட ஒரு கரண்டி

ஆய்வுக்கூடத்தை ஆள்வது போலவே இந்த அவையையும் ஆளும் தலைவி அவர்களே, மண்ணோடு மல்லுக்கட்டித் தலை நரைத்த மூத்த விவசாயிகளே, கிள்ளிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கடைக்காரரைக் கலங்கடிக்கும் தாய்மார்களே, வணக்கம்.

ஓர் இலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரே ஓர் இலை. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான்.

என் அக்கா தையல்காரி. சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். "பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுடும், கீரைப் பக்கமே போகாதீங்க" என்றார் மருத்துவர். கண்ணாடிக்குடிலில், தண்ணீர்த் தொட்டியில் லெட்டூஸ் கீரை வளர்த்து ஊருக்கே விற்கிறேன். என் அக்காவுக்கு ஓர் இலை கிடையாது. எப்படி இருந்திருக்கும் எனக்கு?

கடைக்கீரைதானே கெடுதல், நம் கீரை என்ன செய்யும் என்று நினைத்தேன். அவளுக்கென்று தனித்தொட்டி வைத்தேன். பாசம் பாருங்கள், மற்றத் தொட்டிகளைவிட ஒரு கரண்டி உரம் கூடுதலாகப் போட்டேன். இலை விசிறி மாதிரி விரிந்தது. நல்லவேளை, கொடுப்பதற்குமுன் சோதனைக்குக் கொண்டுபோனேன். இதோ, இந்தத் தலைவி அவர்களிடம்தான்.

தாளைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். "தம்பி, இதுவரைக்கும் நான் சோதிச்ச கீரையிலேயே இதுலதான் பொட்டாசியம் அதிகம். யாருக்காகப் போடறீங்கன்னு செடிக்குத் தெரியாது. போட்டதை எடுத்துக்கும், அவ்வளவுதான்."

அன்றைக்குத்தான், அன்பர்களே, செடியைப் பார்த்து முதன்முதலாக மலைத்துப் போனேன். கொட்டிய உரத்தை, குடித்த நீரை, அடித்த வெயிலை, அண்டிய நிழலை, எதையும் மறக்காமல் ஏந்தி வைத்திருக்கிறதே அந்த இலை! தழைச்சத்தை அள்ளி இறைத்தால் அளவில் பெருக்கிறது, அதே இலை வைட்டமினில் வற்றுகிறது. நாம் எடையைப் பார்த்தோம். உள்ளே இருப்பதை என்றைக்காவது பார்த்தோமா?

எடுத்துக்கொள்ளும் செடி, கொடுக்காவிட்டால் என்ன செய்யும்? அறுவடைக்கு முந்தைய கடைசி இரண்டு வாரம், பொட்டாசியம் தரும் பொட்டாஷ் உரத்தை நிறுத்தினேன். முதல் தடவை பாதிச் செடி பழுத்துச் செத்தது. இரண்டாம் தடவை சோதனையில் தேறவில்லை. மூன்றாம் தடவை, இலை சிறிசு, பொட்டாசியம் வழக்கமான கீரையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. மருத்துவர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். "நாலு இலை தரலாம். அஞ்சாவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க" என்றார்.

அக்கா ஓர் இலையை எடுத்தாள். கடித்தாள். கறுக்கென்று சத்தம். மெல்லாமல் அப்படியே இருந்தாள். நான் பயந்துவிட்டேன்.

"ஒண்ணுமில்லடா தம்பி. இந்தச் சத்தத்தை மறந்தே போயிட்டேன்."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நாளைக் காலை உரக்கரண்டியைத் தூக்கும்போது, அது யார் தட்டுக்குப் போகிறது என்று ஒரு கணம் நினையுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். இன்று டயாலிசிஸ் இல்லாத நாள், அக்கா மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். ஐந்தாவது இலை கேட்டு மருத்துவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றியும் வணக்கமும்.