ஓநாய்க்குச் சவரம்

காலி நாற்காலியைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வரும், ஐயா. ஊரிலுள்ள ஆண்களெல்லாம் தாடி வளர்க்க ஆரம்பித்த வருஷம் அது. என் சலூனில் ஈ, காக்கை இல்லை. பொழுது போகாமல் எனக்கு நானே தினம் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டேன்.

தவறாமல் வந்தவர் என் சகலை மட்டும்தான், மனைவியின் அக்கா புருஷன். காது, கழுத்து, தோள் என்று முடி முளைக்காத இடமில்லை. ஊரில் அவர் பேரே கரடி. தங்கமான மனுஷன். தலைமுடி வெட்டவிடுவார், தாடியைத் தொடவிடமாட்டார். "அவளுக்கு இதுதான் புடிக்கும் சகல," என்று வெட்கப்படுவார்.

ஒருநாள் பட்டியில் ஆட்டை ஏதோ நாய் கடித்துப் போட்டது. சகலைக்கு வெட்டிக் கடையில் பெருக்கிய முடியில் ஒரு கைப்பிடியை வேலிக் கம்பியில் சுற்றிவைத்தேன். பிறகு ரொட்டிக் கடைக்காரரிடம், "நாய்க்கு இப்படியா சுருட்டை முடி இருக்கும்? சும்மாதான் கேக்குறேன்," என்றேன். கேட்பது குற்றமா? சாயங்காலத்துக்குள் ஊர் வாயில் அந்த நாய் இரண்டு காலில் நடக்க ஆரம்பித்துவிட்டது. தபால்காரர் மனைவியைப் பேர் சொல்லியே கூப்பிட்டதாம்.

பாதி ஓநாய், பாதி மனுஷன் என்று ஊரே சொன்னது. அப்புறம் தாடி வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? என் கடை வரிசை தெருமுனையைத் தாண்டியது. "மழமழன்னு எடுத்துடுங்க, சந்தேகமே வரக்கூடாது," என்றார் தலைமையாசிரியர். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

கடைசியாகச் சகலை வந்தார். முகம் வாடியிருந்தது.

"எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க சகல. எடுத்துடுங்க. அவ திட்டினா திட்டட்டும்."

யோசித்தேன். இவரும் மழித்துக்கொண்டால் ஊருக்குப் பயம் விட்டுப்போகும். பயம் போனால் வரிசையும் போகும்.

"கத்தி மழுங்கிடுச்சு சகல. நாளைக்கு வாங்களேன்."

நம்பினார். தோளில் தட்டிவிட்டுப் போனார். கத்தியைக் காலையில்தான் தீட்டியிருந்தேன்.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அவரைத் தடியால் அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் எல்லாருடைய முகமும் பளிச்சென்று இருந்ததாம். என் கைவேலை அப்படி.

அடக்கம் செய்யுமுன் அவருக்குச் சவரம் செய்தேன். தாடி அப்படியே இருக்கட்டும் என்று அக்கா அழுதார்கள். வாய்விட்டுக் கேட்டுவிட்டுப் போன மனுஷன், எனக்கு மனசு கேட்கவில்லை.

உடம்பெல்லாம் காயம், ஐயா. நன்றாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதில் என் கத்தி பட்டது ஒன்றுகூட இல்லை.