பாதிக்கடல்

சேர் எண்டெல்லாம் கூப்பிடாதேங்கோ தம்பி, அண்ணை எண்டால் காணும். இருங்கோ, இந்தப் பக்கம் இருங்கோ, என்ரை பையை நான் மடியிலை வைக்கிறன். நீங்கள் ஃபோனிலை அம்மாவோடை கதைச்சது காதிலை விழுந்தது, அதுதான் தமிழோ எண்டு கேட்டனான். கோயம்புத்தூரோ? நல்லது, நல்லது. நான் கதைக்கிறது விளங்குதுதானே? விளங்காட்டிச் சொல்லுங்கோ, மெதுவாக் கதைக்கிறன். நான் மெதுவாக் கதைச்சதை என்ரை மனுசி கலியாணம் கட்டின நாளிலை இருந்து ஒருக்காலும் கேக்கேல்லையாம்.

விடுங்கோ, அது அடிக்கட்டும். கடை ஃபோன்தான். பிறகு பாப்பம்.

ஓம், கடைதான் வைச்சிருக்கிறன். இஞ்சை பேர்லினிலைதான், நொய்கெல்ன் பக்கம். உங்கடை ஆக்களும் வாறவை, நீங்கள் கண்டிருப்பீங்கள், மகேந்திரா புத்தகசாலை எண்டு போர்ட் கிடக்கு. மகேந்திரராஜா நான்தான். உள்ளை வந்து பாத்தால் அரிசி, பருப்பு, ஐஸ் மீன், சாம்பிராணி. சிரியுங்கோ, சிரியுங்கோ, எல்லாரும் சிரிக்கிறதுதான். தொடங்கேக்கை உண்மையா புத்தகம்தான் வித்தனான். மெட்ராசிலை இருந்து பெட்டி பெட்டியா எடுத்தன். ஆக்கள் வருவினம், எடுத்துப் புரட்டுவினம், மணந்து பாப்பினம், பிறகு அண்ணை முருங்கைக்காய் வந்திட்டுதோ எண்டு கேப்பினம். சரியெண்டு நானும் முருங்கைக்காய் எடுத்தன். புத்தகங்கள் இப்பவும் மேல்தட்டிலை கிடக்கு, மா மூட்டைக்குப் பின்னாலை.

நீங்கள் எங்கை இறங்கவேணும்? ஆ, எர்க்னருக்கு அங்காலை, அந்தக் கார் ஃபக்டரியடியோ. அப்ப நேரம் கிடக்கு. நான் கடைசி வரைக்கும் போறன், பிராங்பேர்ட் ஒடருக்கு. பெரிய பிராங்பேர்ட் இல்லை, இது ஒடர் ஆத்தங்கரையிலை இருக்கிற சின்னன், ஆத்துக்கு அங்காலை போலந்து. அங்கை ஒரு ரேர்மின், நேரம் குறிச்சு வரச்சொல்லியிருக்கு. பிந்தக்கூடாது எண்டுதான் வெள்ளனவே வெளிக்கிட்டனான்.

திரும்பவும் அடிக்குது, என்ன. இல்லைத் தம்பி, வாடிக்கையாளர் இல்லை. ஊரிலை இருந்து ஒரு தாய். அவவின்ரை பெடியன் ஒருத்தன் இஞ்சை வரவேண்டிக் கிடக்கு, கன நாளா ஒரு தகவலும் இல்லை. அதுதான் எடுக்கிறா. நான் பிறகு கதைப்பன். சத்தத்தை நிப்பாட்டி விடுறன், அந்தப் பக்கம் இருக்கிற வெள்ளைக்கார மனுசி முறைக்குது.

எனக்கோ? ஒரு மகள், கம்சனா. ஹாலேயிலை டொக்டர் பட்டம் செய்யிறாள். மருந்து எழுதிற டொக்டர் இல்லைத் தம்பி, எல்லாரும் அதைத்தான் கேக்கினம், எனக்கும் அந்தக் கவலை கிடக்கு. இவள் படிக்கிறது சரித்திரம். ஹாலேயிலை பழைய தர்ம ஸ்தாபனம் ஒண்டு இருக்கு, மிசன்காரர் அந்தக் காலத்திலை தரங்கம்பாடியிலை இருந்து அனுப்பின தமிழ்க் கடிதம், ஓலை எல்லாம் அங்கைதான் காவல். நான் நினைச்சன், பிள்ளை அதைத்தான் படிக்கப்போறாள், நாலு பேருக்குச் சொல்லலாம் எண்டு. அவள் என்ன செய்தாள் தெரியுமோ? பக்கத்து அலுமாரியைத் திறந்தாள். அமெரிக்காவை இங்கிலிசுக்காரன் ஆண்ட காலத்திலை, ஃபிலடெல்ஃபியாவிலை புத்தகக்கடை வைச்சிருந்த ஒரு ஜெர்மன்காரன், வைட்னர் எண்டு பேர், அவன்ரை கடைக் கணக்கு. ஹாலேயிலை அச்சடிச்ச வேதப்புத்தகத்தைக் கப்பலிலை எடுத்து அங்கை வித்தவனாம். வித்த கணக்கை இஞ்சை அனுப்பியிருக்கிறான், அது அப்பிடியே கிடக்கு.

எனக்கு விசர் வந்தது. பிள்ளை, எங்கடை ஓலை பக்கத்திலை கிடக்க, செத்துப்போன வெள்ளைக்காரன்ரை கடைக் கணக்கே உனக்கு வேணும் எண்டு கேட்டன். அப்பா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே எண்டாள். சனிக்கிழமை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதுதான் தம்பி. அவள் அங்கை டான்ஸ் மட்டும் பழகிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஆனால் பிறகு எனக்கும் அந்த வைட்னரிலை ஒரு இது வந்திட்டுது. ஞாயிற்றுக்கிழமையிலை எடுத்தாள் எண்டால் அவன்ரை கதைதான். அப்பா, அவனும் உங்களை மாதிரித்தான், போர்ட்டிலை புத்தகம், விக்கிறது தேயிலை, ஆணி, மூக்குக்கண்ணாடி, வயித்துவலிக் குளுசை எண்டு சிரிப்பாள். நான் சொன்னன், அது அவன்ரை முருங்கைக்காய். எங்கடை தெருவிலை கடை வைச்சிருக்கிற ஒருத்தன் மாதிரி ஆகிட்டான். பஞ்சாங்கம் விலைப்பட்டுதோ, கப்பல் பிந்திட்டுதோ, புத்தகம் நனைஞ்சு வந்திட்டுதோ எண்டு நானே கேக்கத் தொடங்கினன். நனைஞ்ச சரக்கு எண்டால் என்ன எண்டு எனக்கெல்லோ தெரியும்.

ஒருநாள் எடுத்து அழுகிறாள். என்னம்மா எண்டு கேட்டால், வைட்னர் ஆக்களையும் எடுத்திருக்கிறானாம். என்னண்டு எண்டால், அந்த நேரம் இஞ்சை ஜெர்மனியிலை பஞ்சம், சண்டை. சனம் அமெரிக்காவுக்கு ஓடுது. கப்பல் காசு கையிலை இல்லை. ஊரூரா ஏஜென்சிக்காரன் திரிஞ்சு ஆள் பிடிச்சிருக்கிறான். ஓம் தம்பி, ஏஜென்சிதான்! இவையும் அப்பிடித்தான் போனவை. நான் இஞ்சை வந்த புதிசிலை, காசு குடுத்துக் களவா வந்தனியோ எண்டு அகதிக் கந்தோரிலை கேட்டவங்கள். அண்டைக்கு இது தெரிஞ்சிருந்தால் நல்ல மறுமொழி குடுத்திருப்பன். கப்பல் போய்ச் சேந்த உடனை வைட்னர் மாதிரி முதலாளிமார் கப்பல்காரனுக்குக் காசைக் கட்டிப்போட்டு ஆளை எடுத்து வருசக்கணக்கா வேலை வாங்குவினமாம். கணக்கிலை ஒரு வரியிலை சங்கீதப் புத்தகம், அடுத்த வரியிலை ஒரு பொம்பிளை. அன்னா எண்டு பேர்.

அந்த அன்னாவின்ரை புருசன் கப்பலிலை செத்துப்போனான். இதைக் கேளுங்கோ. பாதிக்கடலுக்கு இஞ்சாலை செத்தால் அந்த ஆளுக்குக் காசில்லை. பாதிக்கடல் தாண்டிச் செத்தால் முழுக் காசு. உயிரோடை இருக்கிறவை கட்டவேணும். அந்த மனுசி தன்ரை வருசத்தையும் வேலை செய்து, செத்த மனுசன்ரை வருசத்தையும் வேலை செய்து கழிச்சிருக்கிறா. அதுக்குத்தான் என்ரை பிள்ளை அழுகிறாள். கடலிலை பாதி எங்கை எண்டு ஆருக்கம்மா தெரியும் எண்டு கேட்டன். கப்பல்காரன் சொல்லுறதுதான் அப்பா எண்டாள்.

நான் அண்டைக்குச் சிரிச்சனான். அழுகிறதுக்கு இதிலை என்ன இருக்கு, உலகம் எப்பவும் இப்பிடித்தானே எண்டன்.

ஏன் சிரிச்சன் எண்டால், நானும் அந்த வேலைதானே செய்யிறன். இல்லையில்லை, ஆள் எடுக்கிற வேலை இல்லை, ஐயோ. நான் காசு வைச்சிருக்கிறவன். உங்களுக்கு இது தெரிஞ்சிராது, நீங்கள் விசாவோடை பிளேனிலை வந்து இறங்கின ஆக்கள். எங்கடையிலை ஒரு பெடியன் ஏஜென்சியாலை களவா எல்லை தாண்டி வாறதெண்டால், பாதிக் காசு முன்னுக்கே குடுக்கிறது. மற்றப் பாதியை ரெண்டு பக்கமும் நம்பிற ஒராளிட்டை வைக்கிறது. பெடியன் வந்து சேந்து, வந்திட்டன் எண்டு தன்ரை வாயாலை அந்த ஆளுக்குச் சொல்லவேணும். சொன்னால்தான் ஏஜென்சிக்காரனுக்கு மிச்சம். பேர்லினிலை அந்த ஆள் கனகாலமா நான்தான். கோயில் கணக்கை நம்பாத சனமும் என்னை நம்பும். ஒரு பேப்பர் இல்லை, கையெழுத்து இல்லை. எழுதி வைச்சால் எல்லாருக்கும் ஆபத்து, அதாலை எல்லாம் தலைக்குள்ளைதான். கம்சனா கேட்டவள், அப்பா உங்கடை கடைக் கணக்கைத் தாங்கோ, முந்நூறு வருசத்துக்குப் பிறகு ஆரும் வாசிப்பினம் எண்டு. கறித்தூள் பில்லைக் குடுத்து விட்டன்.

அந்தத் தாய்தானே எடுக்கிறா எண்டனான். மங்கையற்கரசி எண்டு பேர், கிளிநொச்சிப் பக்கம். மனுசன் இல்லை, ஒரே ஒரு பெடியன், அபிராம். ஊரிலை காசுக்குப் பெறுமதியில்லாமல் போச்சுதெல்லோ, அந்த நேரம் காணியை ஈடு வைச்சு அனுப்பினவ. மொஸ்கோ போய், பெலாருஸ் போய், பிறகு காடு. வழியிலை ஃபோனைப் பறிச்சுப்போடுவாங்கள், கடுதாசித் துண்டு நனைஞ்சு போயிடும் எண்டு, அவன்ரை பெல்ற்றுக்கு உள்பக்கத்திலை என்ரை கடை நம்பரை ஊசி நூலாலை தைச்சு விட்டவவாம். சிவப்பு நூல். எனக்கு எடுத்து ஒவ்வொரு இலக்கமாச் சொல்லிக் காட்டினவ, சரிதானே அண்ணை, பிழைச்சிடக் கூடாது எண்டு. நான் வியாபாரத்தோடை நிண்டனான், ஓம் ஓம் எண்டன். பெடியனை நான் வட்சப் படத்திலை கண்டதுதான், ஒல்லிப் பெடியன், கண்ணாடி போட்டவன், வடிவாச் சிரிக்கிறான்.

போலந்துக்குள்ளை வந்திட்டான் எண்டு ஏஜென்சிக்காரன் கடைசியாச் சொன்னது இலை உதிரத் தொடங்கேக்கை. பிறகு ஒண்டுமில்லை. அவ ஒவ்வொரு நாளும் எடுத்து, வந்திட்டானோ எண்டு கேப்பா. இன்னும் இல்லைத் தங்கச்சி எண்டு நான் சொல்லுவன். சரி அண்ணை எண்டு வைச்சிடுவா. ஒருநாளும் சத்தம் போட்டதில்லை, அதுதான் தம்பி எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. என்னைப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பன்.

ரேர்மின் என்ன எண்டு கேக்கிறீங்கள். பொலிசிலை.

நேற்றுக் கடைக்கு எடுத்தவங்கள். ஆத்தங்கரையிலை, நாணல் பத்தைக்குள்ளை ஒருத்தர் எண்டாங்கள். ஜெர்மன் கரைப் பக்கம். பேப்பர் ஒண்டும் இல்லையாம், பெல்ற்றிலை ஒரு நம்பர் தைச்சுக் கிடக்காம், அது உங்கடை கடை நம்பர், என்னண்டு எண்டு கேட்டாங்கள். தெரியாது எண்டன் முதலிலை, பழக்க தோசம். பிறகு, நூல் என்ன நிறம் எண்டு கேட்டன்.

பெடியள் பெல்ற் மாத்திப் போடுறவங்கள்தானே தம்பி? நாலைஞ்சு பேர் ஒண்டா வந்தவங்கள். நான் அப்பிடி யோசிச்சுப் பாத்தன். ஆனால் மாத்தியிருந்தால் மற்றப் பெடியன் எல்லோ அங்கை கிடப்பான், அபிராம் எனக்கு எடுத்திருப்பான்தானே. அவன் எடுக்கேல்லை. போய்ப் பாத்து ஓம் எண்டு சொல்லத்தான் போறன். கம்சனாவுக்குச் சொல்லேல்லை. மனுசிக்கும் சாமான் எடுக்கப் போறன் எண்டுதான் சொன்னது. எனக்குப் பயமாக் கிடக்கு.

ஏஜென்சிக்காரனுக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆத்திரத்திலை எடுத்து, பெடியனைத் தண்ணியிலை விட்டிட்டியேடா எண்டு கத்தினன். அவன் நிதானமாக் கேட்டான், எந்தக் கரை அண்ணை எண்டு. நானும் ஒரு மோடன், ஜெர்மன் கரையெண்டு சொல்லிப்போட்டன். அப்ப ஆள் வந்து சேந்திட்டான்தானே, மிச்சத்தைத் தாங்கோ எண்டான். பாதிக்கடலைச் சொல்லுறது கப்பல்காரன் எண்டு என்ரை பிள்ளை அண்டைக்கே சொன்னவள், நான்தான் சிரிச்சனான்.

வைட்னரின்ரை கொப்பியிலை அந்த அன்னாவுக்கு ஒரு வரியாவது இருக்கு தம்பி. இத்தினை காலத்துக்குப் பிறகு அவவுக்காக அழ என்ரை பிள்ளை இருந்தாள். என்ரை கடையைப் பூட்டினாப் பிறகு ஆரும் வந்து தேடினால், அபிராம் எண்டொரு பெடியன் வெளிக்கிட்டவன் எண்டு ஒரு எழுத்து இருக்காது. இருந்ததே அந்த நூல்தான். அதையும் வெட்டிப் பையிலை போட்டு வைச்சிருக்கிறாங்களாம்.

இல்லை, நீங்கள் வரவேண்டாம், வேலைக்குப் போங்கோ. கேட்டதே காணும். எர்க்னர் தாண்டியாச்சு, அடுத்தது உங்கடை இடம், எழும்பி வாசலடிக்குப் போங்கோ, இதிலை கதவு கெதியாப் பூட்டும்.

இண்டைக்குக் காலமை ஓஸ்ட்பான்ஹோஃப் ஸ்டேசனிலை ரெயினுக்கு நிக்கிறன், அந்தத் தாய் எடுக்கிறா. ஏஜென்சிக்காரன் முந்திப்போட்டான். அண்ணை, பிள்ளை ஜெர்மனிக்குள்ளை வந்திட்டானாம், ஏஜென்சிக்காரர் சொன்னவர், உண்மையோ எண்டு கேக்கிறா. மூச்சு வாங்குது அவவுக்கு. நான் அந்தச் சனத்துக்கு நடுவிலை நிண்டுகொண்டு என்னத்தைச் சொல்லுவன்? ஓம் எண்டன். ஓம் தங்கச்சி, ஜெர்மனிக்குள்ளை வந்திட்டான் எண்டன். அவ சத்தம் வைச்சு அழுதா, பக்கத்து வீட்டு ஆக்களைக் கூப்பிட்டுச் சொன்னா. அந்த மனுசனுக்குப் பேசின காசைக் குடுத்திடுங்கோ அண்ணை எண்டா. பிள்ளை களைச்சுப்போய் இருப்பான், குளிச்சுச் சாப்பிட்டிட்டு ஆறுதலா எனக்கு எடுக்கட்டும், அவசரமில்லை எண்டா.

பாருங்கோ, திரும்பவும் அவதான். இல்லைத் தம்பி, எடுக்கமாட்டன். எடுத்தால், குளிச்சிட்டானோ எண்டெல்லோ கேப்பா.