துணிக்கடைச் சாவி

ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போகும் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சொன்னது காதில் விழுந்ததும் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துவிட்டேன்.

“சண்டை போட்டுட்டு வந்தேன்ல, அந்த முதலாளியாலதாண்ணே இந்த வேலையே கெடச்சுது.”

“யாரு, துணிக்கடைக்காரரா?”

“அவரேதான். புது முதலாளி அவர்கிட்டப் போயி, ஆள் எப்படின்னு விசாரிச்சிருக்காரு. தொலைஞ்சோம்னு நெனச்சேன்.”

“என்ன சொன்னாராம்?”

“வாய்க்கொழுப்பு ஜாஸ்தின்னாராம்.”

“சரியாத்தான் சொல்லியிருக்காருலா.”

“இருங்கண்ணே. கடைத்தெருவுல எல்லாரும் கேக்கறதைப் புது முதலாளியும் கேட்டிருக்காரு, ‘கடைச் சாவியை நம்பிக் குடுத்தீங்களா’ன்னு. ‘இப்பவும் அவன்கிட்டதான் இருக்கு’ன்னாராம்.”

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார்.

“கோவத்துல சாவியை இடுப்புலயே சொருகிட்டு வந்துட்டேன். திருப்பிக் குடுக்க வெக்கமா இருந்துச்சு. அவரும் ஆள் விட்டுக் கேக்கல.”

“இப்பவாச்சும் குடுத்தியா?”

“நேத்துப் போனேன். ‘மறந்து எடுத்துட்டுப் போயிட்டேன் முதலாளி’ன்னேன்.”

“என்ன சொன்னாரு?”



“‘தெரியும். அதான் பூட்டை மாத்தல’ன்னாரு.”