ஏலம் போன சேவல்

நிரோஷன்: சாக்க அவுத்துட்டேன் புள்ள. கூட்டுக் கதவத் தொற... என்ன, முழிச்சுக்கிட்டு நிக்கிற?

பிரேமினி: ஏங்க... இங்க கொஞ்சம் வாங்களேன்.

நிரோஷன்: மொதல்ல இதப் புடி. கொத்தியே கொன்னுரும் போலிருக்கு.

பிரேமினி: கூட்டுக்குள்ள ஒரு சேவல் நிக்குதுங்க.

நிரோஷன்: நிக்கட்டுமே. நம்ம கூடு, நம்ம சேவல்.

பிரேமினி: நம்ம சேவல் உங்க கையில இல்ல இருக்கு?

நிரோஷன்: ஆமா, கையில... அப்போ அது?

பிரேமினி: அதத்தான் நானும் கேக்குறேன். விடியக்காலம் ஒரு சேவலக் கொண்டுபோய் அறுப்புப் பண்டிகைக்குக் காணிக்கை வச்சோம். ஆராதனை முடிஞ்சு நீங்க அத ஏலம் போட்டீங்க. கடைசியில நீங்களே எடுத்துட்டும் வந்தீங்க. போனது ஒண்ணு, வந்தது ஒண்ணு. கூட்டுல இன்னொண்ணு எப்படிங்க?

நிரோஷன்: ஆசீர்வாதம் புள்ள! குடுத்தா ரெட்டிப்பா வரும்னு போதகர் ஐயா இன்னைக்குத்தானே பிரசங்கம் பண்ணாரு?

பிரேமினி: அதுக்குள்ளவா? மத்தியானச் சோறு கூட இன்னும் ஆகல.

நிரோஷன்: ஆண்டவர் சுறுசுறுப்பானவரு.

பிரேமினி: வெளையாடாதீங்க. கூட்டுல நிக்கிறதப் பாருங்க. கொண்டை ஒரு பக்கமா சரிஞ்சிருக்கா? அதான் நம்ம சேவல். உங்க கையில இருக்கிறதுக்குக் கொண்டை நேரா நிக்குது.

நிரோஷன்: ஏலத்துல பேரு கெடச்ச சந்தோசத்துல நிமிந்திருக்கும்.

பிரேமினி: காலையில எதப் பார்த்துப் புடிச்சீங்க?

நிரோஷன்: எங்க பார்த்தேன்? வெளிய ஒரே பனி. டோர்ச்சுல பேட்டரி இல்ல. கூட்டுக்குள்ள கைய விட்டேன், சேவல் மாதிரி தட்டுப்பட்டுச்சு, புடிச்சேன், சாக்குல போட்டேன்.

பிரேமினி: சர்ச் வாசல்லயாச்சும் அது மூஞ்சியப் பார்த்திருக்கலாம்ல?

நிரோஷன்: ஏலம் கூவுறவன் சேவல் மூஞ்சியப் பார்ப்பானா, எடுக்குறவங்க மூஞ்சியப் பார்ப்பானா? நீ எங்க போன?

பிரேமினி: சபை முழுக்கத் தேத்தண்ணி குடிச்ச கோப்பையக் கழுவிக்கிட்டு நின்னேன்... இருங்க. அது கால்ல என்ன, கயித்துக்கு அடியில?

நிரோஷன்: என்னமோ துணி.

பிரேமினி: கயித்த அவுங்க... மஞ்சத் துணி. முடிஞ்சு கட்டியிருக்கு... ஐயோ!

நிரோஷன்: என்ன ஐயோ?

பிரேமினி: இது நேந்துவிட்ட சேவலுங்க! மீனம்மா அக்காவோடது!

நிரோஷன்: பக்கத்து வீட்டு அக்காவா?

பிரேமினி: மக லோஜினிக்குச் சொகமானதும் நேந்து வளக்குறாங்க. இந்தத் துணியக் கட்டுறப்போ என் கண்ணால பார்த்தேன். முனியாண்டிக்குத்தான், வேற யாருக்கு?

நிரோஷன்: முனியாண்டி சேவலையா நான் சர்ச்சுல ஏலம் விட்டேன்?

பிரேமினி: மூணு தடவ!

நிரோஷன்: அதுக்கு நான் என்ன பண்ண? எடுத்தவங்க எல்லாம் திருப்பித் திருப்பிக் குடுத்தாங்க.

பிரேமினி: அதுதானே வழக்கம்? கடைக்கார முதலாளி எடுத்தாரு, "மறுபடி ஏலத்துக்கே"ன்னு குடுத்தாரு. மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயா எடுத்தாரு, அவரும் குடுத்தாரு. நீங்க எடுத்தீங்க... நீங்க மட்டும்தான் சாக்குல போட்டுக்கிட்டு வந்தீங்க.

நிரோஷன்: நம்ம வீட்டுச் சேவலாச்சேன்னு ஒரு பாசம்...

பிரேமினி: பாசமா? மெளகாத்தூள் இருக்கான்னு கேட்டீங்களே, வர்ற வழியில?

நிரோஷன்: பாசத்தோடயும் கொழம்பு வைக்கலாம்.

பிரேமினி: சிரிக்காதீங்க. சிவசாமி அண்ணன் முனியாண்டி கோயில் தலைவரு. அவரு பொண்டாட்டி நேந்த சேவலக் கிறிஸ்தவங்க புடிச்சுக்கிட்டுப் போய் வித்துட்டாங்கன்னு வெளிய தெரிஞ்சா, இந்த லயத்து வீடெல்லாம் ரெண்டாப் பிரிஞ்சிரும்.

நிரோஷன்: தெரியாமப் பண்ணினதுதானே?

பிரேமினி: அத யாரு நம்புவா? அதவிட, அக்கா என்ன நெனப்பாங்க? ஒரே செவுருங்க. அவங்க வீட்டுல தாளிச்சா எனக்குத் தும்மல் வருது. கூடப் பொறந்தவ மாதிரி இருக்காங்க. அவங்க என்கிட்டப் பேசாம இருந்தா இங்க நான் யாருகிட்ட பேசுறது?

நிரோஷன்: என்கிட்ட பேசு.

பிரேமினி: உங்ககிட்டப் பேசித்தான் இந்த லட்சணத்துல நிக்கிறேன்... ஏலக் காசு எங்க?

நிரோஷன்: அப்பவே பொருளாளர் கையில குடுத்தாச்சு. பாதி டயகம பக்கம் லயம் எரிஞ்சவங்களுக்கு. பாதி ஆப்பிரிக்காவுல கிணறு தோண்ட. அதுதான் எனக்கு வெளங்கல. நம்ம பைப்புல தண்ணி காணோம், ஆப்பிரிக்காக்காரனுக்குக் கிணறு.

பிரேமினி: மண்சரிவு வந்தப்போ நமக்குப் போர்வை அனுப்பினாங்களே, அந்த ஆப்பிரிக்காச் சபைக்காரங்க. அவங்க வீட்டுப் பைப்புல தண்ணி வருதான்னு நீங்க கேட்டீங்களா? போத்திக்கிட்டுத் தூங்கினீங்கல்ல?

நிரோஷன்: சரி, சரி. ஒரு நாளைக்கு ஒரு பிரசங்கம் போதும்.

பிரேமினி: என் கவலை வேற. அடுத்தவங்க சேவல வித்த காசுல கிணறு தோண்டினா தண்ணி வருமா?

நிரோஷன்: வரும். கொக்கரக்கோன்னு கூவிக்கிட்டே வரும்.

பிரேமினி: ஏங்க!

நிரோஷன்: இதோ பாரு, வழி இருக்கு. அக்கா எங்க இப்போ?

பிரேமினி: பீலித் தண்ணியில துணி தொவைக்கப் போனாங்க. அண்ணனும் பிள்ளையும் வட்டகொடையில கல்யாண வீட்டுல.

நிரோஷன்: அப்போ சத்தம் போடாம இத அவங்க கூட்டுல விட்டுட்டு வர்றேன். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

பிரேமினி: போதகர் ஐயா ஜெபம் பண்ணின சேவலுங்க. அதப் போய் முனியாண்டிக்கு...

நிரோஷன்: அவரு கைய வச்சது பூசணிக்காய் மேல. சேவல் பக்கத்துலதான் நின்னுச்சு.

பிரேமினி: அக்கா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.

நிரோஷன்: பொய் சொல்லாத. பேசாம இரு. ரெண்டும் வேற வேற.

பிரேமினி: துணிய அவுத்துறாதீங்க. இருந்த மாதிரியே இருக்கட்டும்... பாத்துப் போங்க, வழுக்கும்... நாய் நிக்குது அங்க...

நிரோஷன்: வாய மூடு புள்ள, நாயவிட நீதான் சத்தமா இருக்க.

*

நிரோஷன்: விட்டாச்சு. ஒரு ஈ காக்கா பார்க்கல. உள்ள போனதும் பெரிய முதலாளி மாதிரி கம்புல ஏறி உக்காந்துக்கிச்சு. இனிமே நிம்மதியாச் சோறு போடு.

பிரேமினி: நீங்க சாப்பிடுங்க, எனக்கு வேணாம். வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி சேத்து மிஷனுக்குக் குடுக்கிறவ நானு. சேவல் விசயத்துல மட்டும்...

மீனம்மா: தங்கச்சி! பிரேமினி! உள்ள இருக்கியா?

நிரோஷன்: அக்காதான். சிரி.

பிரேமினி: வாங்கக்கா... வாங்க. துணி தொவைச்சாச்சா?

மீனம்மா: எங்க தொவைக்க? தண்ணி நூலு மாதிரி வருது. பாதியில போட்டுட்டு வந்துட்டேன்... பண்டிகை நல்லா நடந்துச்சா?

பிரேமினி: நடந்துச்சுக்கா. உக்காருங்க.

மீனம்மா: இல்ல, நிக்கிறேன். ஏலத்துல என்னென்ன போச்சு தம்பி?

நிரோஷன்: என்ன போச்சு... பூசணி போச்சு. கோவா, லீக்ஸ், கரட்டு. ஒரு தார் வாழப்பழம்.

மீனம்மா: உசுரோட ஏதும் போச்சா?

நிரோஷன்: உசுரோடன்னா... லீக்ஸ் நல்லாப் பச்சையா இருந்துச்சு.

மீனம்மா: அட அதில்ல தம்பி. கோழி, சேவல்...

நிரோஷன்: சேவலா? ஒண்ணே ஒண்ணு.

மீனம்மா: நல்ல வெலைக்குப் போச்சா?

நிரோஷன்: ஏலத்துலயே அதுதான் உச்சம்! நான் கூவின கூவுல கடைக்கார முதலாளியும் டிஸ்பென்சர் ஐயாவும்... ஆ! என்ன புள்ள, கால மிதிக்கிற?

பிரேமினி: தெரியாமப் பட்டுருச்சு.

மீனம்மா: போதகர் ஐயா அதுக்கு ஜெபம் பண்ணாரா?

பிரேமினி: ஏன்க்கா இதெல்லாம் கேக்குறீங்க?

மீனம்மா: சும்மாதான்... பண்ணாரா?

நிரோஷன்: அந்தப் பயமே வேணாம் அக்கா. சேவல் மேல அவரு வெரல் கூடப் படல. எல்லாம் பூசணிக்காய்க்குத்தான்.

மீனம்மா: படலியா... அப்போ சரி. அதான்...

பிரேமினி: என்னக்கா, மொகம் இப்படிப் போகுது? உக்காருங்க. ஏங்க, தண்ணி கொண்டாங்க!

மீனம்மா: ஒண்ணுமில்ல, வுடு.

பிரேமினி: என்னால முடியலக்கா. சொல்லிர்றேன்.

நிரோஷன்: பிரேமினி...

பிரேமினி: நீங்க சும்மா இருங்க. அக்கா, ஏலத்துல போனது உங்க சேவல். ராத்திரி வழி தவறி எங்க கூட்டுக்குள்ள பூந்திருக்கு. இவரு விடியக்காலம் இருட்டுல எங்களுதுன்னு நெனச்சுப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. கடைசி ஏலத்துல இவரே எடுத்ததுனால தப்புச்சோம். இப்பதான் கொண்டுபோய் உங்க கூட்டுல விட்டாரு. முனியாண்டிக்கு நேந்தத இப்படிப் பண்ணிட்டோம்... மன்னிச்சிருங்கக்கா.

நிரோஷன்: வேணும்னா எங்க சேவல எடுத்துக்கங்க. கொண்டை கொஞ்சம் சரிஞ்சிருக்கும், முனியாண்டி அதெல்லாம் பார்க்க மாட்டாரு.

பிரேமினி: சிவசாமி அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க.

மீனம்மா: அவருகிட்டயா? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?

நிரோஷன்: நீங்க ஏன் அக்கா பயப்படணும்?

மீனம்மா: முனியாண்டிக்கு நான் நேந்தது பொங்கலும் தேங்காயும். ஆடியிலயே அதக் குடுத்து முடிச்சாச்சு.

பிரேமினி: அப்போ இந்தச் சேவல்?

மீனம்மா: லோஜினி டிக்கோயா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, உங்க சர்ச் பொம்பளைங்க மொற வச்சுச் சோறு கொண்டாந்தீங்க. எங்க கட்டிலுக்கு மட்டுமா? பக்கத்துக் கட்டில் சிங்களப் பிள்ளைக்கும் சேத்து. நீ எந்தக் கோயிலுன்னு ஒருத்தி வாயத் தொறந்து கேக்கல. உங்க சர்ச்சுக்கு ஒரு சேவல் குடுக்கணும்னு அன்னைக்கு நேந்துக்கிட்டேன்.

பிரேமினி: அக்கா...

மீனம்மா: கோயில் தலைவர் பொண்டாட்டி சேவலத் தூக்கிக்கிட்டுச் சர்ச் படியேறினா, அவரு நாளைக்குக் கமிட்டியில தலை நிமிந்து உக்காருவாரா?

நிரோஷன்: இருங்க இருங்க... அப்போ அது எங்க கூட்டுக்கு வழி தவறி வரல?

மீனம்மா: நான்தான் தம்பி ராத்திரி கொண்டாந்து வச்சேன். உங்க சேவல எங்க வீட்டுல கொழுந்து பறிக்கிற கூடையப் போட்டு மூடிட்டு, நீங்க சர்ச்சுக்குப் போன பொறவு திருப்பி விட்டேன். காலையில இருந்து மனசு நெறஞ்சு இருந்துச்சு. பீலியில இருந்து வந்து பார்த்தா, மஞ்சத் துணியோட என் கூட்டுல உக்காந்து கூவுது... நேரா இங்க ஓடியாந்தேன். சொல்லு தங்கச்சி... வேணாம்னு திருப்பி அனுப்பினது உங்க சாமியா, நீங்களா?